மாரிசெல்விக்கு விழுந்த முப்பத்தேழு

காந்திமதிநாதனின் கார் அந்த ரயில்வே கேட்டில் வந்து நின்றபோது வண்டி வர இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. முதல் இரண்டு நிமிடம் அவர் ஹாரன் அடித்தார். அப்புறம் கண்ணாடியை இறக்கி, "ஏம்மா, ஒரு காரு போற அளவுக்குத் தெறந்துவிடேன்" என்று கேட்டார்.

"பூட்டியாச்சு சார். நம்பரும் குடுத்தாச்சு. இனி வண்டி போனாத்தான் தெறக்க முடியும்" என்றாள் மாரிசெல்வி.

சங்கரன்கோவிலிலிருந்து பாம்புக்கோவில் சந்தைக்குப் போகும் பாதையில் இருந்த அந்த கேட்டுக்கு அவள் ஆறு வருடமாக கேட் கீப்பர். வண்டி கிளம்பும் முன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். அவள் கேட்டைப் பூட்டிவிட்டு, தன்னிடமுள்ள தாளில் அடுத்ததாக இருக்கும் இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் அதை எழுதிக்கொள்வார். கேட் மூடியிருக்கிறது என்பதற்கு அந்த எண்தான் சாட்சி. சொல்லி முடித்ததும் தாளில் அதை அடித்துவிட வேண்டும்.

காந்திமதிநாதன் காரை விட்டு இறங்கி நிழலுக்காக கேட் அறையின் வாசலுக்கு வந்தார். துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் கசங்கல் இல்லை. மேசையில் ஒரு நீள நோட்டு திறந்து கிடந்தது. பக்கத்தின் தலையில் 56 என்று பெரிதாக எழுதி, கீழே நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது.

"என்னம்மா இது, கணக்கா?"

"கணக்கு இல்ல சார். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு பக்கம். அந்த நம்பரப் பத்தி எது தெரிஞ்சாலும் எழுதி வைப்பேன்."

"எதுக்கு?"

மாரிசெல்வி சிரித்தாள். பிளஸ் டூவில் அவள் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள். கல்லூரிக்குப் போக வாய்க்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனையோ எண்களைப் போனில் சொல்லி, உடனே அடித்துப் போடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. சொன்ன எண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். பெருக்கிப் பார்த்தாள், வகுத்துப் பார்த்தாள், செல்போனில் தேடினாள். பத்தில் ஆரம்பித்துத் தொண்ணூற்றொன்பது வரை பக்கங்கள் நிறைந்தன. இதையெல்லாம் காரில் வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

"சும்மாதான் சார்" என்றாள்.

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். உதடு லேசாகக் கோணியது. "ரதவீதி வாசகர் மன்றத்துல வருசா வருசம் 'ஒரு எண், எட்டு நிமிடம்'னு போட்டி நடக்கு, தெரியுமா? நாலு வருசமா நாந்தான் முதல் பரிசு. எண்ணுன்னா அதுக்குப் பின்னால புராணம் இருக்கணும், சாஸ்திரம் இருக்கணும். இப்படி வெறும் பெருக்கல் வாய்ப்பாட்ட எழுதி வச்சா யாரு கேப்பா?"

வண்டி தடதடவென்று கடந்து போனது. அவள் கேட்டைத் திறந்தாள். அவர் காரில் ஏறும்போது, "வேணும்னா வந்து பாரும்மா. ஆடித்தபசுத் திருவிழா முடிஞ்சு மறு ஞாயித்துக்கிழமை" என்றார். அழைப்பா, கேலியா என்று பிரிக்க முடியாத குரல்.

மாரிசெல்வி அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவன் கண்ணனிடம் சொன்னாள். அவன் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் இருந்துவிட்டு வருவதால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவான்.

"மேடையில நின்னு பேசணுமாட்டி? நூறு பேரு இருப்பானுவளே!"

"இருக்கட்டும். தெரிஞ்சதத்தானே பேசப்போறேன்."

"எந்த நம்பரு விழும்னு தெரியாதே."

"எது விழுந்தாலும் எங்கிட்டப் பக்கம் இருக்கு" என்றாள்.

கண்ணன் குரலை இன்னும் உயர்த்தினான். "அப்ப பேரக் குடு. அந்தாளு வாய அடைச்சிட்டு வா."

"வாய அடைக்கதுக்கு இல்ல. அவரும் கேக்கணும்" என்றாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு கேட் கீப்பரான பேச்சிராஜிடம் பேசி வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாள். திருவேங்கடம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. கண்ணனும் கூட வந்தான். காலை பத்து மணிக்கே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. ஜவுளிக்கடைக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். நடுவராக வந்திருந்தவர் சிவப்ரியா, கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. மைக்கைப் பிடித்து விதிகளை வாசித்தார். பெட்டியிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். தயாராகப் பதினைந்து நிமிடம். செல்போன், குறிப்பு எதுவும் கூடாது. எட்டு நிமிடம் பேசியபின் சபையிலிருந்து யாராவது ஒருவர் ஒரு மறுப்புச் சொல்லலாம். சொன்ன தகவல் தவறென்று உறுதியானால் ஐந்து மதிப்பெண் குறையும். பேச்சாளர் பதில் சொல்ல இரண்டு நிமிடம் உண்டு.

காந்திமதிநாதன் எடுத்த சீட்டில் இருபத்தேழு இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. மேடையேறி வணக்கம் சொன்னவர், நட்சத்திரம் இருபத்தேழில் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம் என்று நூற்றெட்டுக்கு வந்து, சந்திரன் பூமியைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தேழு நாள் என்று வானத்துக்குப் போய், கடைசியில் தன் வலது கையை உயர்த்திப் பிடித்தார். "இந்த ஒரு கைக்குள்ள எலும்பு எத்தன தெரியுமா? இருபத்தேழு!" மண்டபம் கைதட்டியது. மாரிசெல்வியும் தட்டினாள். அந்தத் தகவல் அவள் நோட்டில் இல்லை.

அவள் முறை வந்தது. சீட்டைப் பிரித்தாள். முப்பத்தேழு.

சிவப்ரியா எண்ணை வாசித்ததும் முன்வரிசையில் யாரோ "அய்யோ பாவம்" என்றது மைக்கிலேயே கேட்டது. முப்பத்தேழுக்குக் கோயில் இல்லை, நட்சத்திரம் இல்லை, கதை இல்லை. காந்திமதிநாதன் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

தயாராகும் அறையில் மாரிசெல்வி கண்ணை மூடிக்கொண்டு நோட்டின் பக்கத்தை நினைவுபடுத்தினாள். முப்பத்தேழுக்கு ஒரு பக்கம் போதாமல் அட்டையின் உள்பக்கத்திலும் எழுதியிருந்தாள். எட்டு நிமிடத்தில் எதை விடுவது என்பதுதான் அவளுக்குக் கவலை. பதினைந்து நிமிடத்தில் ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போதே எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

மேடையில் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. அவள் மைக்குக்குப் போகாமல் நேராக அதன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். என் பேரு மாரிசெல்வி. ரயில்வே கேட்டுல வேல பாக்குதேன். நான் பேசுததுக்கு முன்னால நீங்க ஒரு வேல செய்யணும். ஒண்ணுல இருந்து ஒம்பதுக்குள்ள ஒரு எண்ண நெனச்சுக்கோங்க. அதையே மூணு தடவ பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ஏழுன்னா எழுநூத்தி எழுவத்தேழு. எழுதியாச்சா? இப்ப அந்த மூணு இலக்கத்தையும் கூட்டுங்க. ஏழும் ஏழும் ஏழும் இருவத்தொண்ணு. பெரிய எண்ணச் சின்ன எண்ணால வகுங்க."

மண்டபத்தில் செல்போன்கள் வெளியே வந்தன. சிலர் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினார்கள். அவள் காத்திருந்தாள். அவசரப்படவில்லை.

"உங்களுக்கு என்ன வந்துது?" என்று இடது ஓரத்தில் இருந்த ஒருவரைக் கேட்டாள்.

"முப்பத்தேழு."

"உங்களுக்கு?"

"முப்பத்தேழு."

"வேற எண்ணு வந்தவுக கையத் தூக்குங்க."

ஒரு கை மேலே போனது, பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னதும் கீழே இறங்கியது. மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு கூட்டம் அவள் பக்கம் வந்துவிட்டது.

"நீங்க எங்க ஆரம்பிச்சாலும் முப்பத்தேழுலதான் வந்து நிக்கணும். ஏன்னா முப்பத்தேழ மூணால பெருக்குனா நூத்திப் பதினொண்ணு. ஆறால பெருக்குனா எரநூத்தி இருவத்திரண்டு. ஒம்பதால பெருக்குனா முன்னூத்தி முப்பத்திமூணு." பலகையில் வரிசையாக எழுதிக்கொண்டே போனாள். "இப்படியே போனா கடசில எது வரும்? சார் இப்ப பேசுனாரே, இருபத்தேழு, அதால பெருக்குங்க. தொள்ளாயிரத்துத் தொண்ணுத்தொம்பது."

காந்திமதிநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் எண் அவள் பலகையில் ஏறியதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"மூணையும் ஏழையும் தனித்தனியாப் பாப்போம். மூணு மூணு மூணுன்னு மூணு தடவ பெருக்குனா இருபத்தேழு. ஏழையும் அப்படிப் பெருக்குனா முன்னூத்தி நாப்பத்திமூணு. ரெண்டையும் கூட்டுங்க. முன்னூத்தி எழுவது. அதாவது நம்ம முப்பத்தேழுக்குப் பின்னால ஒரு சைபர்."

யாரோ "அட" என்றார்கள். அவள் நிற்கவில்லை.

"ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எந்த எண்ணாலயும் வகுபடாத எண்ணுங்க இருக்குல்லா? ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு போவும். அந்த வரிசையில முப்பத்தேழுக்குப் பன்னெண்டாவது எடம். இப்ப முப்பத்தேழத் திருப்பிப் போடுங்க, எழுவத்திமூணு. அதுவும் அந்த வரிசையிலதான் வருது. எத்தனாவது எடம்? இருவத்தொண்ணு. பன்னெண்டத் திருப்பிப் போட்டா இருவத்தொண்ணு!"

நடுவர் மேசையில் சிவப்ரியா விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துத் தலையசைத்தார்.

உடம்பின் சூடு செல்சியஸில் முப்பத்தேழு என்றாள். "இங்க இருக்க ஒவ்வொருத்தரும் முப்பத்தேழத் தூக்கிக்கிட்டுத்தான் வந்துருக்கீங்க" என்றபோது மறுபடியும் கைதட்டல். அந்த உற்சாகத்தில் கடைசித் தகவலுக்கு வந்தாள்.

"முப்பத்தேழ நாலால பெருக்குனா நூத்தி நாப்பத்தெட்டு. முன்னால இருக்க ஒண்ணத் தூக்கிக் கடசில வைங்க. நானூத்தி எம்பத்தொண்ணு. அதுவும் முப்பத்தேழால வகுபடும். மறுபடி முன்னால இருக்க நாலத் தூக்கிக் கடசில வைங்க. எண்ணூத்திப் பதினாலு. அதுவும் வகுபடும். முப்பத்தேழோட எந்த மடங்க எடுத்தாலும் இப்படிச் சுத்திச் சுத்தி விடலாம். அது முப்பத்தேழ விட்டுப் போவாது."

மணி அடித்தது. எட்டு நிமிடம் முடிந்திருந்தது. கைதட்டலில் கண்ணனின் தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது.

"மறுப்பு ஏதாவது உண்டா?" என்றார் சிவப்ரியா.

நடு வரிசையிலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்க்கும் முகம்மது அர்ஷத். கையில் செல்போன்.

"அக்கா, நல்லாப் பேசுனீங்க. ஆனா எந்த மடங்கா இருந்தாலும்னு சொன்னீங்கல்லா? முப்பத்தேழ இருவத்தெட்டால பெருக்குனா ஆயிரத்து முப்பத்தாறு. முன்னால இருக்க ஒண்ணக் கடசில வச்சா சைபர், மூணு, ஆறு, ஒண்ணு. முன்னூத்தி அறுவத்தொண்ணு. அது முப்பத்தேழால போவலியே. மீதி இருவத்தெட்டு நிக்கு."

சிவப்ரியா தாளில் வகுத்துப் பார்த்தார். "அவர் சொல்வது சரி. மீதி இருபத்தெட்டு."

"தப்புன்னா தப்புதான்" என்று காந்திமதிநாதன் முன்வரிசையிலிருந்து உரக்கச் சொன்னார்.

மாரிசெல்வி நோட்டில் எழுதிவைத்திருந்ததெல்லாம் மூன்று இலக்க எண்கள்தான். நான்கு இலக்கத்துக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை. போட்டுப் பார்க்காததை எந்த மடங்கானாலும் என்று சொல்லிவிட்டாள். கேட்டில் நிற்கும்போது பூட்டாமல் நம்பர் கொடுப்பாளா? அந்த எண்ணம்தான் அவளை உறுத்தியது.

"தம்பி சொல்லுததுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றாள். "மூணு இலக்கத்துக்குத்தான் நான் பாத்துருக்கேன். அஞ்சு மார்க்கக் கொறச்சுக்கோங்க மேடம்."

"உங்களுக்கு இரண்டு நிமிடம் இருக்கிறது" என்றார் சிவப்ரியா. "பதில் சொல்ல விரும்பினால் சொல்லலாம்."

அவள் பலகையைப் பார்த்தாள். மூன்று இலக்கத்தில் சரியாக வருகிறது. நான்கில் ஏன் வரவில்லை? 148-க்குக் கீழே 481 என்று எழுதியிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரை நிமிடம் போனது. கண்ணன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

பிறகு அவள் பேனாவை எடுத்தாள்.

"தம்பி, நூத்தி நாப்பத்தெட்ட நான் சுத்துறப்ப என்ன நடக்குன்னு இப்பத்தான் பாக்குதேன். பத்தால பெருக்குதேன். ஆயிரத்து நானூத்தி எம்பது. அந்த ஆயிரத்த எடுத்துட்டு, கடசில ஒண்ணக் கூட்டுதேன். ஆயிரம் போயி ஒண்ணு வந்தா எவ்வளவு கொறயுது?"

"தொள்ளாயிரத்துத் தொண்ணுத்தொம்பது" என்றான் அர்ஷத்.

"அது முப்பத்தேழால வகுபடும். சாரோட இருவத்தேழு தடவ. அதனால எத்தன தடவ எடுத்தாலும் சேதாரம் இல்ல. நாலு இலக்கத்துல பத்தாயிரம் போயி ஒண்ணு வருது. கொறயுதது ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணுத்தொம்பது. அது வகுபடாது. ஒம்பது மிஞ்சும். அங்கனதான் ஒடயுது." அவள் குரல் வேகமெடுத்தது. "ஆனா ஆறு ஒம்பத வரிசையாப் போட்டா? அது தொள்ளாயிரத்துத் தொண்ணுத்தொம்பத ரெண்டு தடவ பக்கத்துல பக்கத்துல எழுதுன மாதிரி. அப்ப அதுவும் வகுபடணும். உங்க எண்ணையே எடுத்துக்கிடுவோம். ஆயிரத்து முப்பத்தாறுக்கு முன்னால ரெண்டு சைபர் போட்டு ஆறு இலக்கமா ஆக்குதேன்."

பலகையில் 001036 என்று எழுதினாள். முதல் சைபரைக் கடைசிக்குத் தள்ளி 010360. அடுத்த சைபரையும் தள்ளி 103600. ஒன்றைத் தள்ளி 036001.

"இப்ப வகுங்க தம்பி. முப்பத்தாறாயிரத்து ஒண்ணு."

அர்ஷத்தின் விரல் செல்போனில் ஓடியது. மண்டபத்தில் பாதிப்பேர் அதையே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் தலை தூக்கியபோது வாயெல்லாம் பல்.

"தொள்ளாயிரத்து எழுவத்திமூணு! மீதி இல்லக்கா!"

"அடுத்தது?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அவள் எழுதினாள். 360010. பிறகு 600103. ஒவ்வொன்றுக்கும் "மீதி இல்ல", "மீதி இல்ல" என்று வெவ்வேறு மூலைகளிலிருந்து பதில் வந்தது. மணி அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. சிவப்ரியா எழுந்து நின்று தட்டினார்.

மற்ற நான்கு பேர் பேசி முடித்ததும் முடிவை அறிவித்தார்கள். காந்திமதிநாதனுக்கு எண்பத்தொன்று. மாரிசெல்விக்கு எண்பத்தெட்டு.

"இதில் ஐந்து குறைகிறது" என்றார் சிவப்ரியா. "பேச்சில் சொன்ன தகவல் தவறு. பிறகு திருத்தியதால் அது சரியாகிவிடாது. ஆக எண்பத்துமூன்று. முதல் பரிசு மாரிசெல்விக்கு."

பரிசாக ஒரு சுவர்க்கடிகாரமும் சால்வையும் கொடுத்தார்கள். அவள் இறங்கி வரும்போது காந்திமதிநாதன் எழுந்து நடைவழிக்கு வந்து நின்றார். இறுக்கமான முகம்தான். வாழ்த்து என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மேல் ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தார்.

"என்ன சார்?"

"அந்த நோட்டுல இருபத்தேழுக்கு என்ன எழுதிருக்க?"

"ஒரு பக்கம் இருக்கு சார். ஆனா கையில இருக்க எலும்பு எங்கிட்ட இல்ல. நீங்க சொன்னதுல இருந்துதான் எழுதிக்கிடணும். வேற எங்கிட்ட இல்லாதது எதும் இருந்தாலும் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நெறய இருக்கும்மா" என்றார் கடைசியில். "ஒருநா கேட்டுப் பக்கம் வாரேன். ஹாரன் அடிக்க மாட்டேன்." கண்ணன் பக்கத்தில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டான். அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுப் பந்தியில் அர்ஷத் தேடி வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். இலையில் சாம்பார் விழுந்தும் அவன் தொடவில்லை.

"அக்கா, மூணு இலக்கத்துக்கு முப்பத்தேழு. சரி. அஞ்சு இலக்கத்துல சுத்துனாப் பிசகாத எண்ணு ஒண்ணு இருக்கணும்லா?"

மாரிசெல்வி யோசித்தாள். அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

"இருந்தா அது அஞ்சு ஒம்பத வகுக்கணும்" என்றாள். "எத்தன இலக்கமானாலும் ஒம்பது பிசகாது, அதனால ஒம்பதால முதல்ல வகுத்துருவோம். அஞ்சு ஒண்ணு நிக்கும். பதினோராயிரத்து நூத்திப் பதினொண்ணு. இத எது வகுக்கும்னு பாக்கணும்."

"ஏழு?"

"ரெண்டு மிஞ்சும்."

"பதிமூணு?"

"ஒம்பது மிஞ்சும். அடுத்துப் போங்க."

கண்ணன் தன் இலையிலிருந்த அப்பளத்தை ஒடித்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பாயசம் வருதுட்டி. மொதல்ல சாப்பிடுங்க" என்றான். யாரும் கேட்கவில்லை. பதினேழு, பத்தொன்பது, இருபத்துமூன்று என்று போய்க்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்றிலும் மீதி வந்தது. முப்பத்தேழிலும் வந்தது. பரிமாறுகிறவர் பாயசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

"நாப்பத்தொண்ணு" என்றான் அர்ஷத்.

மாரிசெல்வி கண்ணை மூடி வகுத்தாள். இருபத்தேழு, மீதி நான்கு. அடுத்த ஒன்றை இறக்கினால் நாற்பத்தொன்று. ஒரு தடவை.

"இருநூத்தி எழுவத்தொண்ணு" என்றாள். "மீதி இல்ல தம்பி. நாப்பத்தொண்ணுதான்."

அவன் செல்போனில் நாற்பத்தொன்றை முன்னூற்றொன்றால் பெருக்கினான். 12341 வந்தது. ஒன்றைக் கடைசிக்குத் தள்ளி 23411-ஐ வகுத்தான். பிறகு 34112. இரண்டும் மீதியில்லாமல் போயின. திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். மாரிசெல்வி அதைப் பார்த்துவிட்டு, இலையின் ஓரத்தில் ஆறிக் கிடந்த பாயசத்தை வழித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.